போட்டி அட்டவணை வலிமை

போட்டி அட்டவணை வலிமை என்பது ஓர் அணி அல்லது ஆட்டக்காரர் ஒரு பருவத்தில் எதிர்கொண்ட எதிராளிகள் எவ்வளவு வலுவானவர்கள் என்பதைக் காட்டும் அளவாகும். ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளோடும் ஆடும் முழு லீக் போட்டிகளில் இந்த அளவுக்குத் தேவை எழுவதில்லை. அங்கே அனைவருக்கும் எதிராளிகள் ஏறக்குறைய ஒன்றே. அணிகளின் எண்ணிக்கை மிகுந்து, ஒவ்வொன்றும் மற்றவற்றில் சிலவற்றோடு மட்டுமே ஆடும்போது, வெற்றிகளின் எண்ணிக்கையை வைத்து மட்டும் தரவரிசை தயாரிக்க முடியாது. யாரை வென்றார்கள் என்ற கேள்வியும் கணக்கில் நுழைகிறது.

இந்த அளவு மிக விரிவாகப் பயன்படும் இடம் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து. அங்கே 360-க்கும் மேற்பட்ட முதல்நிலைக் கல்லூரி அணிகளை ஒரே பட்டியலில் வரிசைப்படுத்த வேண்டியுள்ளது. இந்தியாவில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டிகள், ரஞ்சிக் கோப்பை, சதுரங்கத் தரவரிசை ஆகியவற்றிலும் இதே சிக்கல் வெவ்வேறு வடிவங்களில் இருக்கிறது. தமிழ்நாட்டின் குகேஷ் உலகச் சாம்பியன் ஆவதற்கு முன்பு கடந்த ஒரு முக்கியமான படியும் இந்தக் கணக்கோடு தொடர்புடையது.

வெற்றி விகிதம் ஏன் போதாது

நாமக்கல்லில் இருந்து இரண்டு ஓட்டுநர்கள் புறப்படுகிறார்கள் என்று கொள்வோம். ஒருவர் சமவெளியில் நான்குவழிச் சாலையில் சேலத்துக்குச் செல்கிறார். மற்றவர் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலையின் செம்மேட்டுக்கு ஏறுகிறார். சராசரி வேகத்தை மட்டும் குறித்துவைத்துத் திறமைப் பட்டியல் போட்டால் சமவெளியில் சென்றவரே முதலிடம் பெறுவார். அந்த எண் பொய்யில்லை. ஆனால் அது ஓட்டுநரின் திறமையையும் சாலையின் தன்மையையும் கலந்து அளந்த எண். திறமையைத் தனியே காண, சாலையின் கடினத்தைக் கணக்கிட்டுக் கழிக்க வேண்டும்.

விளையாட்டில் எதிராளிகள்தான் அந்தச் சாலை. பத்து ஆட்டங்களில் ஒன்பதை வென்ற அணியும், ஆறை மட்டும் வென்ற அணியும் இருந்தால் முதல் அணியே சிறந்தது என்று சொல்லத் தோன்றும். முதல் அணி வென்ற ஒன்பது அணிகளும் தத்தம் பட்டியலில் கடைசியில் கிடப்பவையாகவும், இரண்டாவது அணி தோற்ற நான்கு அணிகளும் முன்னணியில் இருப்பவையாகவும் இருந்தால் முடிவு மாறக்கூடும். எவ்வளவு மாறும் என்பதை அளக்கவே அட்டவணை வலிமைக் கணக்குகள் உருவாயின.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் அமைப்பு

அமெரிக்காவில் என்.சி.ஏ.ஏ. எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்பு கல்லூரிப் போட்டிகளை நடத்துகிறது. அதன் முதல்நிலைப் பிரிவில் உள்ள கல்லூரிகள் 'கான்ஃபரன்ஸ்' எனப்படும் குழுமங்களாகப் பிரிந்துள்ளன. ஓர் அணி ஒரு பருவத்தில் ஏறத்தாழ 30 ஆட்டங்கள் ஆடும். நவம்பர், டிசம்பர் மாதங்களில் பெரும்பாலும் பிற குழும அணிகளுடன் மோதும். ஜனவரி முதல் மார்ச் வரை தன் குழுமத்துக்குள் 18 முதல் 20 ஆட்டங்கள் வரை ஆடும்.

பருவத்தின் முடிவில் 68 அணிகள் தேசியப் போட்டிக்குச் செல்கின்றன. 2025-இல் 31 குழுமங்களின் சாம்பியன்கள் நேரடித் தகுதி பெற்றனர். எஞ்சிய 37 இடங்களுக்கான அணிகளை ஒரு தேர்வுக் குழு தெரிவுசெய்தது. அந்த 37 இடங்களுக்கான போட்டியில்தான் அட்டவணை வலிமை தீர்மானகரமான பங்கு வகிக்கிறது. ஒன்றோடொன்று ஒருமுறைகூட ஆடாத, வெவ்வேறு குழுமங்களைச் சேர்ந்த இரண்டு அணிகளில் எதைத் தெரிவுசெய்வது என்பதே குழுவின் முன் உள்ள கேள்வி.

ஆர்.பி.ஐ.: முதல் பெரிய முயற்சி

இக்கேள்விக்கு விடையாக 1981-இல் ஆர்.பி.ஐ. எனப்படும் குறியீட்டெண் அறிமுகமானது. அதன் கணக்கு எளிது:

ஆர்.பி.ஐ. = 0.25 × (அணியின் வெற்றி விகிதம்) + 0.50 × (எதிரணிகளின் வெற்றி விகிதம்) + 0.25 × (எதிரணிகளுடைய எதிரணிகளின் வெற்றி விகிதம்)

அணியின் சொந்த வெற்றிகளுக்குக் கால் பங்கு மதிப்பே உண்டு. மீதி முக்கால் பங்கும் அட்டவணையைப் பொறுத்தது. மேலே சொன்ன இரண்டு அணிகளையும் இதில் இட்டுப் பார்க்கலாம்.

முதல் அணி: வெற்றி விகிதம் 0.90, எதிரணிகளின் விகிதம் 0.30, அவற்றின் எதிரணிகளின் விகிதம் 0.45. ஆர்.பி.ஐ. = 0.225 + 0.150 + 0.1125 = 0.4875.

இரண்டாம் அணி: வெற்றி விகிதம் 0.60, எதிரணிகளின் விகிதம் 0.60, அவற்றின் எதிரணிகளின் விகிதம் 0.52. ஆர்.பி.ஐ. = 0.150 + 0.300 + 0.130 = 0.5800.

ஒன்பது வெற்றி பெற்ற அணி பின்தங்குகிறது. ஆறு வெற்றி பெற்ற அணி முந்துகிறது.

ஆர்.பி.ஐ.-யில் இரண்டு பெரிய குறைகள் இருந்தன. முதலாவது, ஒரு புள்ளி வித்தியாசத்தில் வென்றாலும் 30 புள்ளி வித்தியாசத்தில் வென்றாலும் மதிப்பு ஒன்றே. இரண்டாவது, மிகப் பலவீனமான அணியை வென்றதாலேயே ஓர் அணியின் எண் குறையக்கூடும். வெற்றியால் கிடைக்கும் சிறு ஏற்றத்தைவிட, அந்த எதிரணியின் மோசமான விகிதம் இழுத்துவிடும் இறக்கம் பெரிதாக இருக்கும். இதை அறிந்த பயிற்சியாளர்கள் அட்டவணை தயாரிப்பதையே ஒரு கலையாக்கினர். கடைசி இடத்தில் இருக்கும் அணிகளைத் தவிர்த்துவிட்டு, எளிதில் தோற்கடிக்கக்கூடிய, ஆனால் தன் சிறிய குழுமத்தில் நிறைய வெற்றி பெறக்கூடிய அணிகளைத் தேடி அழைத்தனர். எதிரணியின் உண்மையான பலம் எப்படி இருந்தாலும், அதன் வெற்றி விகிதம் உயர்ந்திருந்தால் போதும் என்ற நிலை உருவானது.

நெட் தரவரிசையும் நான்கு கட்டங்களும்

ஆடவர் போட்டியில் 2018-19 பருவம் முதல் ஆர்.பி.ஐ.-க்குப் பதிலாக 'நெட்' என்ற தரவரிசை வந்தது. மகளிர் போட்டியில் அது 2020-21-இல் வந்தது. ஓர் அணி ஒவ்வொரு முறை பந்து தன் வசம் வரும்போதும் சராசரியாக எத்தனை புள்ளி எடுக்கிறது, எதிரணிக்கு எத்தனை புள்ளி விடுகிறது என்ற செயல்திறனை நெட் அளக்கிறது. அதை எதிரணியின் வலிமைக்கும், ஆட்டம் நடந்த இடத்துக்கும் ஏற்பச் சரிசெய்கிறது.

தேர்வுக் குழு நெட் எண்ணை நேரடியாக மட்டும் பார்ப்பதில்லை. ஒவ்வோர் அணியின் ஆட்டங்களையும் எதிரணியின் நெட் இடத்தைக் கொண்டு நான்கு கட்டங்களாகப் பிரித்து வைக்கிறது. மிகக் கடினமான முதல் கட்டத்தில் இடம்பெற எதிரணி பின்வரும் வரம்புக்குள் இருக்க வேண்டும்:

- சொந்த மைதானத்தில் ஆடினால்: 1 முதல் 30-ஆம் இடம் வரை
- பொது மைதானத்தில் ஆடினால்: 1 முதல் 50-ஆம் இடம் வரை
- எதிரணியின் மைதானத்தில் ஆடினால்: 1 முதல் 75-ஆம் இடம் வரை

அதாவது, 70-ஆம் இடத்தில் உள்ள அணியை அதன் ஊரிலேயே சென்று வெல்வது, 25-ஆம் இடத்தில் உள்ள அணியைச் சொந்த ஊரில் வெல்வதற்கு ஈடான கட்டத்தில் வைக்கப்படுகிறது. சொந்த மைதானத்தின் பார்வையாளர்களும், பயணமின்மையும், பழகிய வளையமும் தரும் அனுகூலம் இவ்வாறு கணக்கில் வருகிறது. நான்காம் கட்டத்தில் வரும் தோல்வி, ஓர் அணியின் வாய்ப்பை மிகவும் பாதிக்கும் கறையாகக் கருதப்படுகிறது.

குழுமத்தின் தரம் எங்கே முடிவாகிறது

அட்டவணை வலிமையில் பலரும் கவனிக்கத் தவறும் ஓர் எளிய கணித உண்மை உண்டு. ஒரு குழுமத்துக்குள் நடக்கும் ஆட்டங்களில் ஒருவர் வென்றால் அதே குழுமத்தின் இன்னொருவர் தோற்றாக வேண்டும். எனவே உள் ஆட்டங்களில் குழுமத்தின் மொத்த வெற்றி விகிதம் எப்போதும் சரியாக 50 சதவீதம்தான். உலகின் தலைசிறந்த பத்து அணிகள் தமக்குள் ஆடினாலும் 50 சதவீதம். மிகப் பலவீனமான பத்து அணிகள் தமக்குள் ஆடினாலும் 50 சதவீதம்.

ஆகவே ஒரு குழுமம் மற்றொன்றைவிட வலுவானதா என்பதை வெளி ஆட்டங்கள் மட்டுமே காட்ட முடியும். பத்து அணிகள் கொண்ட ஒரு குழுமத்தில் ஒவ்வோர் அணியும் 18 உள் ஆட்டங்களும் 12 வெளி ஆட்டங்களும் ஆடுவதாகக் கொள்வோம். உள் ஆட்டங்களில் மொத்தம் 90 வெற்றி, 90 தோல்வி. வெளி ஆட்டங்கள் 120. அவற்றில் 96-ஐ வென்றால் குழும அணிகளின் மொத்த விகிதம் 300-க்கு 186, அதாவது 62 சதவீதம். 48-ஐ மட்டும் வென்றால் 300-க்கு 138, அதாவது 46 சதவீதம்.

ஜனவரிக்குப் பிறகு இக்குழும அணிகள் தமக்குள் ஆடும் ஒவ்வோர் ஆட்டத்திலும் எதிரணியின் சராசரி மதிப்பு இந்த எண்ணையே சார்ந்திருக்கும். முதல் குழுமத்தில் சக அணியிடம் தோற்பதுகூடப் பெரிய இழப்பில்லை. இரண்டாவது குழுமத்தில் சக அணியை வெல்வதுகூடப் பெரிய லாபமில்லை. உள் ஆட்டங்கள் தொடங்குவதற்கு முன்பே குழுமத்தின் தரம் பெரும்பாலும் உறுதியாகிவிடுகிறது.

2024-25 பருவம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 16 அணிகள் கொண்ட தென்கிழக்குக் குழுமம் வெளி ஆட்டங்களில் 185 வெற்றி, 23 தோல்வி பெற்றது. ஏறத்தாழ 89 சதவீத வெற்றி அது. அதன் பிறகு அவ்வணிகள் ஒன்றையொன்று மாறி மாறித் தோற்கடித்தபோதும் எவருடைய மதிப்பும் பெரிதாகச் சரியவில்லை. 16-இல் 14 அணிகள் தேசியப் போட்டிக்குத் தேர்வாயின. அதற்கு முன்பு 2011-இல் பிக் ஈஸ்ட் குழுமத்தின் 11 அணிகள் தேர்வானதே உச்சமாக இருந்தது. 2025-இல் கோப்பையை வென்ற புளோரிடாவும் தென்கிழக்குக் குழுமத்தைச் சேர்ந்ததே.

மறுபக்கத்தில் இருப்பது இந்தியானா ஸ்டேட் அணி. 2024-இல் 28 வெற்றி, 6 தோல்வியுடன் தேர்வு நாளை எட்டிய அந்த அணி நெட் தரவரிசையில் முதல் 30 இடங்களுக்குள் இருந்தது. தன் குழுமத்தின் இறுதியாட்டத்தில் டிரேக் அணியிடம் தோற்றதால் நேரடித் தகுதி கிட்டவில்லை. முதல் கட்ட ஆட்டங்கள் அதற்கு ஒருசிலவே அமைந்திருந்தன. தேர்வுக் குழு அதை விட்டுவிட்டது. பிறகு இரண்டாம் நிலைத் தேசியப் போட்டியான என்.ஐ.டி.யில் ஆடி இறுதியாட்டம் வரை சென்றது.

சிறிய குழுமத்தில் இருந்துகொண்டே இந்தச் சிக்கலைத் தீர்த்த அணியும் உண்டு. கன்சாகா பல்கலைக்கழகம் தன் குழும ஆட்டங்கள் எளிதானவை என்பதை உணர்ந்து, நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாட்டின் முன்னணி அணிகளைத் தேடிச் சென்று ஆடியது. 1999 முதல் 2025 வரை நடந்த எல்லாத் தேசியப் போட்டிகளிலும் அது இடம்பெற்றது.

இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிகள்

இந்தியாவில் கல்லூரி விளையாட்டின் உச்ச நிலை, இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகள். கூடைப்பந்து போன்ற குழு விளையாட்டுகளில் நாடு வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்படுகிறது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் தென்மண்டலத்தில் ஆடுகின்றன. ஒவ்வொரு மண்டலத்திலும் முதல் நான்கு இடங்களைப் பெறும் அணிகள் அகில இந்தியப் போட்டிக்குச் செல்கின்றன.

அமெரிக்கக் குழுமங்களைப் போலவே இம்மண்டலங்களையும் கருதலாம். ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. அகில இந்தியச் சுற்றுக்கு முன்பு மண்டலம் தாண்டிய ஆட்டங்கள் இந்த முறையில் இல்லை. ஆகவே தெற்கில் ஐந்தாம் இடம் பெற்ற அணி, இன்னொரு மண்டலத்தில் நான்காம் இடம் பெற்ற அணியைவிட வலுவானதா என்று கணக்கிட அடிப்படையே கிடையாது. எந்தச் சூத்திரத்தை இட்டாலும் நான்கு மண்டலங்களும் சமமாகவே தெரியும், ஏனெனில் ஒவ்வொன்றின் உள் விகிதமும் 50 சதவீதம். இரண்டு கரைகளை ஒப்பிட நடுவில் ஒரு பாலமாவது வேண்டும். அந்தப் பால ஆட்டங்கள் இங்கே இல்லை.

மண்டலத்துக்குள்ளும் அட்டவணையின் விளைவு உண்டு. தொடக்கச் சுற்றுகள் நாக்-அவுட் முறையில் நடக்கும்போது, ஓர் அணி யாருடைய பக்கத்தில் வைக்கப்படுகிறது என்பது மிக முக்கியம். மண்டலத்தின் இரண்டாவது சிறந்த அணியே காலிறுதியில் முதலாவது அணியைச் சந்தித்து வெளியேற நேரலாம். முந்தைய ஆண்டின் முன்னணி அணிகளைத் தனித்தனிப் பக்கங்களில் பிரித்து வைப்பது இதைக் குறைக்கும் வழி. ஆனால் கல்லூரி அணிகளில் ஆட்டக்காரர்கள் மூன்று, நான்கு ஆண்டுகளில் மாறிவிடுவதால் சென்ற ஆண்டின் வரிசை இந்த ஆண்டின் பலத்தை முழுமையாகக் காட்டாது.

மாணவர்களுக்கு இது வெறும் கோப்பைக் கணக்கு அல்ல. மத்திய அரசுப் பணிகளுக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் ஆடியவர்களுக்கெனத் தனிச் சான்றிதழ்ப் படிவமே உண்டு. தமிழ்நாட்டின் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. இத்தகைய ஒதுக்கீடுகளில் போட்டியின் நிலையும் பெற்ற இடமும் மதிப்பெண்ணாக மாறுகின்றன. காலிறுதியில் யாரிடம் தோற்றார் என்பது சான்றிதழில் வராது.

கோவை, கரூர், பெரியகுளம் போன்ற ஊர்களில் நடக்கும் அகில இந்திய அழைப்புக் கூடைப்பந்துப் போட்டிகள் இங்கே வேறொரு விதத்தில் பயன்படுகின்றன. இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்திய விமானப்படை, கேரள மின்வாரியம் முதலிய அணிகள் ஒரே களத்தில் இறங்கும் இப்போட்டிகளில், ஓர் இளம் அணி தன் உண்மையான இடத்தை உரைத்துப் பார்க்க முடிகிறது. அதிகாரபூர்வ மண்டலத் தேர்வில் இந்த ஆட்டங்கள் எண்ணப்படாவிட்டாலும், பயிற்சியாளர் தன் அணியை மதிப்பிட இவை மிகவும் உதவுகின்றன.

ரஞ்சிக் கோப்பை 2018-19

எதிராளியின் வலிமையைக் கணக்கில் கொள்ளாத புள்ளிவிவரம் எப்படித் தோன்றும் என்பதற்கு இந்தியக் கிரிக்கெட்டில் தெளிவான ஒரு பருவம் இருக்கிறது. 2018-19-இல் ரஞ்சிக் கோப்பையின் அணிகள் 28-இலிருந்து 37 ஆக உயர்ந்தன. புதிதாகவோ மீண்டுமோ நுழைந்த ஒன்பது அணிகளும் 'பிளேட்' என்ற தனிப் பிரிவில் வைக்கப்பட்டன. பீகார், உத்தராகண்ட், புதுச்சேரி, சிக்கிம், மேகாலயா, நாகாலாந்து, மணிப்பூர், மிசோரம், அருணாசலப் பிரதேசம் ஆகியவை அவை.

அந்தப் பருவத்தில் பீகாரின் சுழற்பந்து வீச்சாளர் அசுதோஷ் அமன் 68 விக்கெட்டுகள் எடுத்தார். 1974-75-இல் பிஷன் சிங் பேடி 64 விக்கெட் எடுத்துப் படைத்த சாதனையை அது முறியடித்தது. சிக்கிமுக்காக ஆடிய மிலிந்த் குமார் 1,331 ஓட்டங்களுடன் பருவத்தின் முதலிடம் பெற்றார். இருவரும் பிளேட் பிரிவில் ஆடியவர்கள். பேடி எதிர்கொண்ட மட்டையாளர்களும், அமன் எதிர்கொண்ட மட்டையாளர்களும் ஒரே தரத்தினர் அல்லர் என்பது வெளிப்படை. ஆனாலும் சாதனைப் பட்டியலில் 64-க்கு மேலே 68 இருக்கிறது.

பிளேட் பிரிவில் முதலிடம் பெற்ற உத்தராகண்ட் நேரடியாகக் காலிறுதிக்குச் சென்றது. அங்கே நடப்புச் சாம்பியனான விதர்பாவிடம் ஓர் இன்னிங்ஸ், 115 ஓட்டங்கள் வித்தியாசத்தில் தோற்றது. பிரிவுகளுக்கு இடையிலான அந்த ஒரே பால ஆட்டம், லீக் அட்டவணை மறைத்திருந்த இடைவெளியைக் காட்டியது. 2022-23-இல் பிளேட் பிரிவுக்குத் தனி இறுதியாட்டம் வைத்து, இறுதிக்கு வரும் இரண்டு அணிகளை அடுத்த பருவத்தில் மேல் பிரிவுக்கு உயர்த்தும் முறை வந்தது.

சதுரங்கம்: சென்னை, டிசம்பர் 2023

எதிராளியின் வலிமையைக் கணக்கின் உள்ளேயே வைத்திருக்கும் முறை, சதுரங்கத்தின் எலோ தரப்புள்ளி. அர்பட் எலோ வகுத்த இந்த முறையை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 1970-இல் ஏற்றது. இரு ஆட்டக்காரர்களின் புள்ளி வித்தியாசத்தைக் கொண்டு எதிர்பார்க்கப்படும் முடிவு முதலில் கணிக்கப்படும். 200 புள்ளி உயர்ந்தவர் சராசரியாக ஆட்டத்துக்கு 0.76 மதிப்பெண் எடுப்பார் என்பது எதிர்பார்ப்பு. முன்னணி ஆட்டக்காரர் ஒருவர் தம்மைவிட 200 புள்ளி குறைந்தவரை வென்றால் 2.4 புள்ளியே கிடைக்கும். சமன் செய்தால் 2.6 புள்ளி போய்விடும். தமக்கு இணையானவரை வென்றால் 5 புள்ளி கிடைக்கும்.

உலகச் சாம்பியனுடன் மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் 2024 கேண்டிடேட்ஸ் போட்டிக்கு, எட்டு இடங்களில் ஒன்று 'ஃபிடே சர்க்யூட்' என்ற ஆண்டுப் பட்டியலின் வழியாகவும், ஒன்று எலோ புள்ளியின் வழியாகவும் நிரப்பப்பட்டது. சர்க்யூட் பட்டியலில் ஒரு போட்டிக்குக் கிடைக்கும் புள்ளி, அதில் ஆடுவோரின் சராசரி எலோ புள்ளியைப் பொறுத்தது. பலவீனமான போட்டியில் முதலிடம் பெற்றாலும் பெரிய பயனில்லை.

2023 டிசம்பர் 15 முதல் 21 வரை, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஏற்பாட்டில் சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ் போட்டி நடந்தது. லெவோன் அரோனியன், ஹரிகிருஷ்ணா, அர்ஜுன் எரிகைசி, பர்ஹாம் மக்சூத்லு உள்ளிட்ட எட்டுப் பேர் ஆடினர். குகேஷும் அர்ஜுனும் 7 சுற்றுகளில் 4.5 புள்ளிகள் பெற்றுச் சமநிலையில் இருந்தனர். சமநிலை முறிப்புக் கணக்கில் குகேஷ் முதலிடம் பெற்றார். சர்க்யூட் பட்டியலில் முதலிடம் பெற்ற ஃபாபியானோ கருவானா உலகக் கோப்பை வழியாக ஏற்கெனவே தகுதி பெற்றிருந்ததால், அந்த இடம் குகேஷுக்குக் கிடைத்தது. 2024 ஏப்ரலில் டொரன்டோவில் கேண்டிடேட்ஸ் பட்டத்தை வென்ற குகேஷ், அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று உலகச் சாம்பியன் ஆனார்.

அதே டிசம்பரில் பிரான்சின் அலிரெசா ஃபிரூஜா, எலோ புள்ளி வழியிலான இடத்தைக் குறிவைத்தார். ஷார்த்ர் நகரில் தம்மைவிட மிகக் குறைந்த புள்ளி உடையவர்களுடன் அவருக்கென ஏற்பாடான ஆட்டங்களைத் தரப்புள்ளிக்குக் கணக்கிட முடியாது என்று ஃபிடே அறிவித்தது. பிறகு அவர் ரூவான் நகரில் நடந்த ஓப்பன் போட்டியில் 7 ஆட்டங்களையும் வென்று, தேவையான புள்ளியை எட்டித் தகுதி பெற்றார்.

இரண்டுமே பருவத்தின் கடைசி மாதத்தில், தகுதியை மனத்தில் வைத்து அமைந்த அட்டவணைகள் என்று விமர்சனம் எழுந்தது. ஆனால் அவற்றின் தன்மை ஒன்றல்ல. சர்க்யூட் விதி வலுவானவர்களை அழைத்து வந்து வெல்ல வேண்டும் என்று கேட்டது. எலோ விதியோ பலவீனமானவர்களிடம் பல ஆட்டங்கள் ஆடி, சிறு சிறு புள்ளிகளாகச் சேர்க்க இடம் கொடுத்தது. எவ்வளவு பெரிய வித்தியாசம் இருந்தாலும் அதை 400 ஆகவே கொள்ளும் எலோ விதி இதற்குத் துணைபோனது. 2025 அக்டோபர் 1 முதல் 2650-க்கு மேற்பட்ட புள்ளி உடையவர்களுக்கு அந்த 400 வரம்பை ஃபிடே நீக்கியது.

அட்டவணை யார் கையில்

எல்லாச் சூத்திரங்களுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. அவை ஆடிய ஆட்டங்களை மட்டுமே சரிசெய்ய முடியும். ஆடக் கிடைக்காத ஆட்டங்களைச் சரிசெய்ய முடியாது. அமெரிக்காவில் பெரிய கல்லூரிகள் சிறிய கல்லூரிகளுக்குப் பணம் கொடுத்துத் தம் ஊருக்கு அழைத்து ஆடுகின்றன. திரும்பச் சென்று சிறிய கல்லூரியின் ஊரில் ஆடுவது அரிது. தோற்றால் பெரும் இழப்பு, வென்றால் சிறு லாபம் என்பதால் பலமான சிறிய அணிகளைப் பெரிய அணிகள் தவிர்க்கவும் செய்கின்றன. பிறகு தேர்வு நாளில் அந்தச் சிறிய அணியிடம் "உன் அட்டவணை பலவீனமானது" என்று சொல்லப்படுகிறது.

பன்னாட்டுக் கிரிக்கெட்டில் சிக்கல் வேறு திசையில் இருக்கிறது. உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப்பில் ஒவ்வோர் அணியும் மூன்று தொடர்களைச் சொந்த நாட்டிலும் மூன்றை வெளிநாட்டிலும் ஆடுகிறது. எல்லோரும் எல்லோரோடும் ஆடுவதில்லை. எதிரணியின் வலிமைக்கு எந்தச் சரிசெய்தலும் இல்லை. 2023-25 சுற்றில் தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியாவையும் இங்கிலாந்தையும் சந்திக்காமலேயே 69.44 சதவீதப் புள்ளிகளுடன் முதலிடம் பெற்றது. எளிய அட்டவணையால் வந்த அணி என்ற பேச்சு அப்போது பரவலாக இருந்தது. 2025 ஜூனில் லார்ட்ஸ் மைதானத்தில் அந்த அணி ஆஸ்திரேலியாவை 5 விக்கெட் வித்தியாசத்தில் தோற்கடித்துக் கோப்பையை வென்றது. எளிய அட்டவணை என்பது அணி பலவீனமானது என்பதற்கான சான்று அல்ல. அணியின் பலத்தைக் காட்டப் போதிய சான்று இன்னும் கிடைக்கவில்லை என்பதே அதன் பொருள். இந்தியானா ஸ்டேட் அணிக்கு மறுக்கப்பட்டதும், தென்னாப்பிரிக்காவுக்குக் கிடைத்ததும் அந்தச் சான்றைக் களத்தில் தரும் வாய்ப்புதான்.

தரவரிசையைப் படிக்கும் முறை

ஒரு தரவரிசைப் பட்டியலைப் பார்க்கும் மாணவர் பின்வரும் கேள்விகளைக் கேட்டால் அதன் வலுவையும் வரம்பையும் ஓரளவு அறியலாம்:

- பட்டியலில் உள்ள அனைவரும் ஒருவரோடொருவர் ஆடினார்களா, அல்லது தனித்தனிப் பிரிவுகளாக ஆடினார்களா?
- பிரிவுகளுக்கு இடையே பால ஆட்டங்கள் உள்ளனவா? எத்தனை?
- வெற்றியின் மதிப்பு எதிராளியைப் பொறுத்து மாறுகிறதா?
- ஆட்டம் நடந்த இடம் கணக்கில் வருகிறதா?
- எதிராளிகளைத் தேர்ந்தெடுத்தவர் யார்: அமைப்பாளரா, அணியே தானா, குலுக்கலா?

கடைசிக் கேள்விக்கான விடையைச் சூத்திரத்தில் தேட முடியாது. தரவரிசையைச் சீராக்க விரும்பும் அமைப்பு, கணக்கைத் திருத்துவதோடு நிற்காமல் ஆட்டங்களையும் கூட்ட வேண்டும். மண்டலங்களுக்கு இடையே பருவத்தின் தொடக்கத்திலேயே சில ஆட்டங்கள் வைப்பதும், நான்காம், ஐந்தாம் இட அணிகளுக்கிடையே தகுதி ஆட்டம் நடத்துவதும் எளிய வழிகள். நேருக்கு நேர் ஆடிய ஓர் ஆட்டம் சொல்வதை, ஆடாத அணிகளைப் பற்றிய எந்தக் கணக்காலும் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிவதில்லை.